கடலோர ஷெட்டில் துருவைத் தடுக்க வாங்கியவை: எதற்குக் காசு தகும், எதற்குத் தகாது

முதலில் இது யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு, கார் ஷெட்டே பட்டறை, வாரக் கடைசியில் மட்டும் மரவேலை. இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இருப்பவர்கள் இதில் பாதியை விட்டுவிடலாம். உங்களுக்கு ஒரு மெழுகு டப்பாவும் பழைய துணியும் போதும்.

எங்கள் வீடு சென்னை கொட்டிவாக்கத்தில். ஷெட் சுமார் 20 அடிக்கு 10 அடி. முன்னால் ரோலிங் ஷட்டர், பின்னால் ஒரு ஜாலி. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். கார் தெருவில் நிற்கிறது. அந்தப் பேச்சு வீட்டில் எழும்போதெல்லாம் நான் பேண்ட் சாவை, அதாவது பட்டை ரம்ப மெஷினை, ஓடவிட்டுவிடுவேன். லூதியானாவில் செய்த நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி, அதைவிடப் பழைய ஐந்தாம் நம்பர் ஒன்று, செக் நாட்டு உளி ஒரு செட், ஜப்பானிய ரம்பங்கள், வார்ப்பிரும்பு மேசை வைத்த பேண்ட் சா. காப்பாற்ற வேண்டிய இரும்பு இவ்வளவுதான். ஆனால் இவற்றைக் காப்பாற்ற வாங்கிய டப்பாக்கள் ஒரு தனி அலமாரியைப் பிடித்துக்கொண்டன. அந்த அலமாரியைக் காலி செய்யும் சாக்கில்தான் இந்த விமர்சனம்.

துருவைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்களுடையது. அவர்கள் பாடு வேறு. இரவெல்லாம் இரும்பு சில்லிட்டுக் கிடக்கும், காலையில் கொஞ்சம் வெதுவெதுப்பான ஈரக் காற்று உள்ளே வரும், இரும்புக்கு வியர்க்கும். அதனால் எண்ணெய் பூசு, ஷெட்டைச் சூடாக்கு என்கிறார்கள். நம் ஊரில் இரும்புக்கு அப்படி வியர்ப்பது குறைவு, ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் ஒழிய. 30 டிகிரி வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படிய ஆரம்பிக்கும். ஏசியை 24-ல் வைத்துவிட்டு, அந்த அறை அலமாரியிலிருந்து இழைப்புளியை எடுத்து ஷெட்டுக்குக் கொண்டு வாருங்கள், கண்ணெதிரே நனையும். ஷெட்டில் துருப்பிடிக்கிறதே, பேசாமல் படுக்கையறையில் வைத்துவிடலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

நமக்கு எதிரி உப்பு. சுத்தமான காற்றில் இருக்கும் சுத்தமான இரும்பு, ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் வேகமாகத் துருப்பிடிக்கும். ஆனால் கடல் உப்பில் இருப்பது சமையல் உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் 33 சதவீத ஈரப்பதம் இருந்தாலே போதும், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு தானே கரைந்துவிடும். கத்திரி வெயிலில் மேற்குக் காற்று அடிக்கும் சில மதியங்களைத் தவிர, சென்னையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது எப்போது? மற்ற நேரமெல்லாம், இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூள் ஒவ்வொன்றும் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர்தான். கடலோரக் காற்று உலோகத்தை எப்படித் தின்கிறது என்று பார்க்கவே காரைக்குடியில் உள்ள சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். நம் இழைப்புளியின் அடிப்பாகத்துக்கு அந்த மாதிரிப் பெயின்ட் அடிக்க முடியாது. மரத்தில் உராய வேண்டிய பரப்பு, வெறும் இரும்பாகத்தான் இருந்தாக வேண்டும்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்ட பிறகு, கடையில் விற்கும் ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இது உப்பை என்ன செய்யும்?

எண்ணெயில் உப்பு கரையாது. உப்புப் படிந்த உளிமேல் எவ்வளவு உயர்ந்த எண்ணெயைப் பூசினாலும், உப்பு எண்ணெய்க்கு அடியில் அப்படியேதான் இருக்கும். மெல்லிய எண்ணெய்ப் படலத்தை ஈரம் ஊடுருவத்தான் செய்கிறது. அதனால் என் பட்டியலில் முதல் இடம், சொன்னால் சிரிப்பீர்கள், தண்ணீருக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, அதில் நனைத்து இறுகப் பிழிந்த துணி. வேலை முடிந்ததும் இரும்பை அதால் துடைத்து, உடனே காய்ந்த பருத்தித் துணியால் இன்னொரு முறை துடைத்து, ஐந்து நிமிடம் ஃபேன் காற்றில் வைக்கிறேன். கைவியர்வையும் இதில் போய்விடும். இழைப்புளியின் பக்கவாட்டில் விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் உப்புதான், நம் உடம்பு உப்பு. சரியாகக் காயாமல் மட்டும் விடாதீர்கள். கருவேலம் மாதிரி டானின் என்ற துவர்ப்புச் சத்து அதிகமுள்ள மரத்தில் ஈர இரும்பு பட்டால் கருநீலக் கறை பிடிக்கும், தேய்த்தாலும் லேசில் போகாது.

கருங்கல்லுக்குப் பதிலாக, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் நீர்க்கல்லில் உளியைத் தீட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீட்டும் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்துகொள்ளுங்கள். நீர் காரமாக இருந்தால் தீட்டி முடிப்பதற்குள் விளிம்பில் ஏறும் அந்த மஞ்சள் துரு வராது.

தண்ணீரில் துடைத்த இரும்பின் மூலை முடுக்குகளில் ஈரம் தங்கும். இழைப்புளியின் தவளை (அலகைத் தாங்கும் சரிவான இரும்புத் துண்டு) உட்காரும் இடம், திருகின் மரை, ரம்பத்தின் பல்லிடுக்கு. இங்கேதான் டபிள்யூ.டி-40க்கு உண்மையான வேலை இருக்கிறது. 1953-ல் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற கம்பெனி, அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு அரிக்காமல் இருக்கத் தயாரித்தது அது. நீரை விரட்டும் கலவை நாற்பதாவது முயற்சியில் சரிவந்ததால் 40. இடுக்கில் ஒரு பீச்சு, ஒரு துடைப்பு, ஈரம் வெளியே வந்துவிடும். அந்த வேலைக்கு அதை மிஞ்ச என்னிடம் வேறொன்றும் இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். மிஞ்சும் படலம் மிக மெல்லியது. இதை அடித்துவிட்டு ஐப்பசி, கார்த்திகையைக் கடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கம்பெனியே நீண்ட நாள் காப்புக்கென்று தனியாக இன்னொரு டப்பா விற்கிறது. இது துண்டு, அது சட்டை. இரண்டையும் குழப்பிக்கொண்டு திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து எண்ணெய். கமெலியா எண்ணெய் என்று ஒன்று உண்டு. ஜப்பானியத் தச்சர்கள் தங்கள் உளிக்கும் ரம்பத்துக்கும் பூசுவது. தேயிலைக் குடும்பத்துச் செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கிறார்கள். பெரும்பகுதி ஒலீயிக் அமிலம் என்பதால் காற்றில் காய்ந்து பிசினாவதில்லை, வாடையும் கிடையாது. இறக்குமதி என்பதால் சின்ன பாட்டிலே ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. அது நல்ல எண்ணெய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உளி செட்டில் பாதிக்கு இதையும் மீதிக்கு ஐம்பது ரூபாய் தையல் மிஷின் எண்ணெயையும் பூசி, ஒரே டிராயரில் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்ததில் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஜப்பானிய ரம்பத்துக்கு ஜப்பானிய எண்ணெய் பூசுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்கு ஆயிரம் ரூபாய் தகும் என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் வேலைக்கு வரும் கார்பெண்டர் அண்ணன் ஒருவர் அந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன மேடம், உளிக்கெல்லாம் சென்ட்டா?”

“இல்லைண்ணே, துருப்பிடிக்காம இருக்க. நீங்க என்ன போடுவீங்க?”

பையிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே தேங்காய் எண்ணெய் ஊறிய துணிச்சுருள். இழைப்புளியின் அடியை வேலைக்கு நடுவில் அதில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வாராம். “தினமும் தேயிற இரும்புக்கு எங்கேருந்து மேடம் துரு வரும்?” என்றார். அவர் சொன்னது சரி. அவருடைய இரும்பு நாள் முழுக்க மரத்தில் உராய்கிறது. என்னுடையது திங்கள் முதல் வெள்ளி வரை சும்மா கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் அவருக்குச் சரிப்படும், எனக்குச் சரிப்படாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் சிக்கு வாடை வரும், மரத்தூள் ஒட்டும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், நாள்பட்டால் பிசுபிசுவென்று ஆகிவிடும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து தோலாகப் படியும்; மரக் கைப்பிடிக்கு அது வரம், உளியின் இரும்புக்கு வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கரண்டி, பொம்மை என்று வாய்க்கோ குழந்தைக்கோ போகும் பொருள் செய்கிறவர்களுக்கு மிஷின் எண்ணெய் தயக்கமாக இருக்கும். அவர்கள் மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் வெறும் லிக்விட் பாரஃபினைக் கேட்டு வாங்கலாம். வேறு மருந்து கலந்ததாக இருக்கக் கூடாது, அதை மட்டும் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கனிம எண்ணெய்தான். மருந்துக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

மெழுகைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேண்ட் சா மேசையைக் காப்பாற்றியது அதுதான். எண்ணெய் ஈரமாகவே இருக்கும். பறக்கும் மரத்தூள் எல்லாம் அதில் வந்து உட்காரும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஜாதி. தூளைக் குவித்தபடி மேசையை விட்டுவிட்டுப் போனால், குவியலின் வடிவத்திலேயே துரு எழுந்திருக்கும். மெழுகு காய்ந்து கெட்டிப்படுவதால் தூள் ஒட்டாது, பலகையும் வழுக்கிக்கொண்டு போகும். கார்னௌபா என்ற பனையோலை மெழுகு கலந்த பேஸ்ட் மெழுகு டப்பா ஒன்று வாங்கினேன். தேன்மெழுகைவிட அது கெட்டி, வெயில் காலத்தில் இளகாது. மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காயும் வரை விட்டு, சுத்தமான துணியால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். பூசிவிட்டுத் தேய்க்காமல் விடுகிறவர்கள் மெழுகைக் குறை சொல்லக் கூடாது. முதல் தடவை இரண்டு கோட், அப்புறம் மேசையில் பலகை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது என்று தோன்றும்போது ஒன்று. ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும், ஆகவே விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வீட்டிலேயே செய்யவும் செய்யலாம். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கிடைக்கும். அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் உருக்கி, அடுப்பை அணைத்து, அடுப்படியை விட்டே வெளியே எடுத்துப் போய், ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு டர்பன்டைன் ஊற்றிக் கிளறினால் ஆறும்போது களிம்பாகிவிடும். நெருப்பின் பக்கத்தில் டர்பன்டைனைத் திறக்கவே கூடாது. இதன் மணம் எனக்குக் கடை மெழுகைவிடப் பிடிக்கும். ஆனால் மே மாதம் மேசை தொட்டால் ஒட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் இழைப்புளியின் பக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இழைப்புளியின் அடிப்பாகத்துக்கு அதுவும் வேண்டாம், கரண்ட் போகும்போது ஏற்றும் வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் ஒரு கிறுக்கு கிறுக்கினால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காருக்குப் போடும் பாலிஷ் வீட்டில் இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். மேசையிலிருந்து மரத்துக்கு அது ஏறினால், பின்னால் வார்னிஷ் அடிக்கும்போது பூச்சு விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். அதைச் சரிசெய்வது ஒரு துருவைத் தேய்ப்பதைவிடப் பெரிய தலைவலி.

ஏற்கனவே துருப்பிடித்ததை எடுக்கும் பொருள்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், ஊறப்போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். துரு தீர்ந்ததும் அது இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். எடுத்த கையோடு சமையல் சோடாத் தண்ணீரில் முக்கி, கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் புதுத்துரு பழுப்பாகக் கிளம்பும். மேலோட்டமான துருவென்றால் இவ்வளவு கூட வேண்டாம். நைசான உப்புத்தாளில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் இரும்பைத் தொடும் பொருள்கள். காற்றைச் சரிசெய்வதாகச் சொல்லும் பொருள்களில்தான் பணம் அதிகம் போகிறது.

எதை வாங்கும் முன்பும் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்குங்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சேறாகும் அளவுக்கு மட்டும் நனைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் இரவெல்லாம் மூடி வைத்தால் காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. நாலைக் கூட்டிக்கொண்டு படிக்கிறேன்.

சிலிக்கா ஜெல்லை ஒரு கிலோ வாங்கி ஷெட்டில் நாலு மூலையிலும் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். என் ஷெட் ஏறக்குறைய 57 கன மீட்டர். ஆக எந்த நேரத்திலும் 1,300 கிராமுக்கு மேல் நீர் காற்றிலேயே தொங்குகிறது. ஒரு கிலோ ஜெல் தன் எடையில் கால் பங்கு, 250 கிராம், குடிக்கும். ஷட்டர் இடுக்கு வழியாக வங்காள விரிகுடா முழுவதும் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது அது யார் பசிக்கு? அதே ஒரு கிலோவை ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் 60 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுங்கள். அந்தப் பெட்டிக் காற்றில் இருப்பது ஒன்றரை கிராம் நீர்தான். நூறு தடவைக்கு மேல் திறந்து மூடினாலும் ஜெல் தாக்குப்பிடிக்கும். பொருள் ஒன்றுதான், வைக்கும் இடத்தில் இருக்கிறது எல்லாம்.

வாங்கும்போது ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாவது கோபால்ட் குளோரைடு கலந்தது, அதைத் தூசியாக மூச்சில் இழுப்பது நல்லதில்லை. நிறம் மாறியதும் சுமார் 120 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் ஓவனில் வைத்தால் பழையபடி ஆகிவிடும். கேக் செய்யும் தட்டில் வேண்டாம், இதற்கென்று ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் தொங்கவிடும் ஈர உறிஞ்சிப் பைகள், அடியில் தண்ணீர் சேருமே, அவற்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. துணி அலமாரிக்கு நல்லது. ஆனால் அடியில் சேர்வது சாதாரணத் தண்ணீர் இல்லை, அடர்த்தியான குளோரைடுக் கரைசல். எதை விரட்ட இத்தனை பாடு படுகிறோமோ அதையே லிட்டர் கணக்கில் உளிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுகிறோம். ஒரு பை கிழிந்தால் போதும். மதிப்பெண் பூஜ்யம்.

காற்றின் ஈரத்தை நீராகப் பிடிக்கும் டீஹியூமிடிஃபையரில், மேசைமேல் வைக்கும் குட்டி ஒன்றும் வாங்கினேன். பெயர் சொல்லப்போவதில்லை, இந்த ரகம் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே கம்ப்ரசர் கிடையாது, கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு ஒன்றும் சின்ன ஃபேனும். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதே ஒரு நாளைக்குக் கால் லிட்டர். மேலே போட்ட ஷெட் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது அது என் மகளின் புத்தக அலமாரியில் இருக்கிறது, அங்கே பிரயோஜனமாக இருக்கிறது. கம்ப்ரசர் வைத்த பெரிய மெஷின் நிஜமாகவே வேலை செய்யும், ஆனால் ஷட்டர் இடுக்கையும் ஜாலியையும் அடைத்த பிறகுதான். அடைத்த ஷெட்டில், அந்த மெஷின் கக்கும் சூட்டில், சென்னையில் நின்று யார் இழைப்பது? பூட்டியே வைத்திருக்கும் அறை என்றால் வாங்கலாம்.

அதிகம் பேசப்படாத ஒன்று வி.சி.ஐ. தாள். மோட்டார் உதிரி பாகங்களும் பேரிங்குகளும் சுற்றி வருமே, மெழுகுத்தாள் மாதிரி பழுப்புத் தாள், அதுதான். தாளில் ஏற்றியிருக்கும் மருந்து மெல்ல ஆவியாகி, மூடிய இடத்தில் பரவி, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து துருவைத் தடுக்கும். எண்ணெய் தேவையில்லை, துடைக்கவும் வேண்டாம். டிரில் பிட் டப்பா, ரூட்டர் பிட் பெட்டி, ஸ்பேனர் டிராயர் போன்ற ஆயிரம் சின்னச் சாமான் கிடக்கும் இடங்களுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. ஒவ்வொரு பிட்டையும் யார் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பது? தாளை அளவாக வெட்டி அடியில் ஒன்று, மேலே ஒன்று. மூடி மட்டும் ஒழுங்காக மூட வேண்டும். திறந்த டிராயரில் மருந்து காற்றோடு போய்விடும். இரும்புக்கென்று உள்ளதா, பித்தளைக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள், வகைகள் வேறு. ஆண்டுக்கொரு முறை தாளை மாற்றுகிறேன். சமையலறைச் சாமானோடு மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியாக, இந்தப் பட்டியலிலேயே எனக்கு அதிகம் பயன்பட்ட ஏற்பாடு: ஒரு பழைய இரும்பு பீரோவும் ஜீரோ வாட் பல்பும். செகண்ட்ஹேண்ட் ஃபர்னிச்சர் கடையில் கதவு நேராக மூடும் பீரோவாகப் பார்த்து வாங்கினேன். கதவு விளிம்பில் ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் பட்டை. தட்டுகளின் பின்பக்கம் காற்று மேலே ஏற ஓட்டைகள். அடித்தட்டில் பீங்கான் ஹோல்டரில் பல்பு, 24 மணி நேரமும் எரிகிறது. பெயர் ஜீரோவே தவிர, பழைய இழை பல்பு 15 வாட் வரை இழுக்கும். மாதத்துக்குச் சுமார் 11 யூனிட். அது வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டுக்கு. பீரோவுக்குள் வெளியைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக இருக்கிறது. 28 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரும் வெளியேறாமலே, ஈரப்பதம் 64 சதவீதத்துக்கு வந்துவிடும். திருத்திப் படித்த என் மீட்டரும் அதை ஒட்டித்தான் காட்டுகிறது. உப்பு படிந்த இரும்புக்கு 64 போதாது. ஆனால் 60-ஐ ஒட்டி வந்துவிட்டதால் துடைத்து வைத்த இரும்புக்குப் போதும், அதோடு மூடிய கதவு புது உப்பை உள்ளே விடுவதில்லை. உளியும் ரம்பமும் இழைப்புளிகளும் இப்போது அங்கேதான். சுவர் முழுக்க ஆயுதங்களை வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்களே, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பெங்களூரில் இருந்தால் நானும் செய்வேன்.

பல்பைச் சுற்றிக் கம்பி வலை கட்டாயம். அந்தத் தட்டில் துணி, மரச்சுருள், எண்ணெய் டப்பா, ஸ்ப்ரே டப்பா எதுவும் இருக்கக் கூடாது. வயரைக் கதவிடுக்கில் நசுங்க விடாமல் பின்தகட்டில் துளை போட்டு ரப்பர் வளையம் வைத்து எடுங்கள், பீரோவுக்கு எர்த் கொடுங்கள். இது தெரியாதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தோல் உறைகளையும் இதற்குள் கொண்டு வராதீர்கள். தோலில் பதனிடும்போது சேர்ந்த உப்பு மிச்சமிருக்கும், உளி அதற்குள்ளேயே துருப்பிடிக்கும்.

கடையில் ஜீரோ வாட் என்று கேட்டால் இப்போது முதலில் எடுத்துக் கொடுப்பது எல்.இ.டி. அது அரை வாட் சமாச்சாரம், சூடே கிடையாது, பீரோவுக்குள் விளக்கு எரியும், துருவும் பிடிக்கும். கண்ணாடிக்குள் இழை தெரிகிறதா, 15 வாட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரிய எலக்ட்ரிக் கடைகளில் இல்லையென்று கையை விரித்துவிடுகிறார்கள். தெருமுனைக் கடைகளில் பழைய சரக்கு இன்னும் இருக்கிறது, நான் பார்த்த இடத்தில் ஒரு டஜனாக எடுத்து வைத்துவிட்டேன்.